வண்டிக்கு அடியில் படுத்தபடி கொஞ்சம் சரித்திரம்

போன சனிக்கிழமை காலையில என் பழைய பிக்கப் வண்டிக்கு ஆயில் மாத்தலாம்னு அடியில புகுந்தேன். ஒரு அட்டைப்பெட்டியைப் பிரிச்சுப் போட்டதுதான் படுக்கை. நெத்தியில விளக்கு, கையில ஸ்பானர், பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் தட்டு. தங்கமணி வாசல்ல வந்து நின்னாங்க.

"ஏங்க, கடையில குடுத்தா இருபது நிமிஷத்துல மாத்திக் குடுத்துடுவான். எதுக்கு இப்படி அரை நாள் தரையில கெடக்கறீங்க?"

நியாயமான கேள்வி. கணக்குப் பார்த்தா நான் மிச்சம் பிடிக்கிறது இருபது முப்பது டாலர்தான். அதுக்கு நகக்கண்ணுல ஏறின கருப்பு திங்கக்கிழமை ஆபீஸ்ல ஆணி புடுங்கும்போதும் போகாது. "சும்மா ஒரு ஆசைதான்"னு சொல்லிட்டு வேலையைப் பார்த்தேன். ஆனா ஆயில் சொட்டுச் சொட்டா வடியற அந்தப் பத்து நிமிஷம் அந்தக் கேள்வி மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்தது. அந்த யோசனைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் பெரிய கொசுவத்தியா சுத்தப் போறேன், நூறு வருஷத்துக்கு மேல பின்னாடி போகணும். காபி எடுத்து வெச்சுக்கிட்டு உக்காருங்க.

முதல்ல ஒரு சமாச்சாரம். பிக்கப் வண்டியை ஏதோ ஒரு கம்பெனி இஞ்சினியர் உக்காந்து கண்டுபிடிச்சார்னுதான் நானும் ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டிருந்தேன். அப்படி இல்லை. பிக்கப் என்பதே சொந்தக்காரர்கள் தங்கள் காரில் செய்துகொண்ட ஒரு சின்ன மாற்றம்தான். கம்பெனி அதைப் பிறகுதான் காப்பி அடித்தது.

1908 அக்டோபரில் ஹென்றி ஃபோர்டு தன்னுடைய மாடல் டி காரை விற்க ஆரம்பித்தார். 2.9 லிட்டர், நாலு சிலிண்டர், 20 குதிரை சக்தி. குடும்பத்தோடு போகிற டூரிங் மாடல் 850 டாலர். 1913-ல் மிச்சிகன் மாநிலம் ஹைலேண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் அசெம்பிளி லைன் வந்தது. ஒரு சேஸியைப் பூட்ட முன்னே பன்னிரண்டரை மணி நேரம் ஆனது, பிறகு 93 நிமிஷத்தில் முடிந்தது. விலை சரசரவென்று இறங்கியது. 1927-ல் உற்பத்தியை நிறுத்தும்போது ஒன்றரைக் கோடி வண்டிகள் வெளியே போயிருந்தன.

இவ்வளவு வண்டியை வாங்கினது யாரு? பெரும் பங்கு விவசாயிகள். பக்கத்து ஊர் பத்துப் பதினைஞ்சு மைல். மெக்கானிக் கடையெல்லாம் கிடையாது. ஆனா ஆளுக்கு ஆள் கலப்பையும் அறுவடை மெஷினும் வெச்சுக்கிட்டு, உடைஞ்சா தானே ரிப்பேர் பண்ணிப் பழகின கைகள். ஃபோர்டும் விவசாயி மகன்தான். அந்தக் கைகளை நம்பித்தான் வண்டியைச் செய்தார் என்று தோன்றுகிறது.

அந்த வண்டியை வைத்துக்கொள்வது என்றால் சும்மா இல்லை மக்களே. ஆயில் அளவு பார்க்க இன்னிக்கு மாதிரி மேலேயிருந்து உருவற கம்பி கிடையாது. இஞ்சினுக்குப் பின்னால் அடிப்பக்கத்தில் ரெண்டு சின்னக் குழாய் இருக்கும். வண்டிக்கு அடியில் ஊர்ந்து போய் மேல் குழாயைத் திறக்கணும். ஆயில் வரலேன்னா கீழ்க் குழாயைத் திறக்கணும். கீழேயும் வரலேன்னா ஆபத்து. ரெண்டுக்கும் நடுவுல இருந்தா சரி. ஆயில் பம்பு கிடையாது, சுழலும் பாகங்கள் அடிக்கிற தெறிப்பில்தான் எல்லாத்துக்கும் எண்ணெய் போகணும். பெட்ரோல் டேங்க் பெரும்பாலான மாடல்களில் முன்சீட்டுக்குக் கீழே. பெட்ரோல் எவ்வளவு இருக்குன்னு பார்க்க எல்லாரையும் இறக்கிவிட்டு, சீட் மெத்தையைத் தூக்கி, ஒரு குச்சியை விட்டுப் பார்க்கணும். பெட்ரோல் தானாக வழிந்துதான் இஞ்சினுக்குப் போகும் என்பதால், டேங்கில் கொஞ்சமாக இருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏற முடியாது. அப்போ என்ன பண்ணுவாங்க? வண்டியைத் திருப்பி ரிவர்ஸ்ல ஏத்துவாங்க :-)

கியர் பெட்டிக்குள்ள மூணு உருளை. அதைச் சுத்திப் பருத்தித் துணி ஒட்டின மூணு பட்டை. ஒண்ணு லோ கியர், ஒண்ணு ரிவர்ஸ், ஒண்ணு பிரேக். ஓட ஓட துணி தேயும், திருகைத் திருப்பி இறுக்கணும். முழுசாத் தேய்ஞ்சா புதுத் துணி அடிச்சு மாட்டணும். இஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்க மரப்பெட்டியில் நாலு காயில், அதில் துடிக்கிற பாயிண்ட்களைச் சீர் பண்ணணும். செல்ஃப் மோட்டார் 1919-ல்தான் வந்தது, அதுவும் தனிக் காசு. அதுவரை ஹேண்டில் அடிக்கணும். தீப்பொறி நேரத்தைத் தள்ளி வைக்காம ஹேண்டிலைச் சுத்தினா இஞ்சின் திருப்பி உதைக்கும், மணிக்கட்டு முறியும். குளிர்காலத்துல ஆயில் கெட்டியாகி கிளட்ச் தகடுகள் ஒட்டிக்கிட்டு, ஸ்டார்ட் ஆனதுமே வண்டி முன்னால நின்னு ஹேண்டில் அடிச்ச ஆள் மேலயே நகர்ந்து வரும். அதனால பின்சக்கரம் ஒண்ணை ஜாக்கி போட்டுத் தூக்கி வெச்சு ஸ்டார்ட் பண்ணுவாங்க.

இதையெல்லாம் ஃபோர்டு கம்பெனி மறைக்கவில்லை. வண்டியோடு கொடுத்த கையேடே கேள்வி பதில் பாணியில் இருந்தது. வண்டி சூடானால் என்ன காரணம், வால்வை எப்படித் தேய்ப்பது என்று சொந்தக்காரர் கேட்கிற மாதிரி கேள்வி, கீழே பதில். இன்னிக்கு என் நண்பரோட புது வண்டிக் கையேட்டைப் புரட்டினா, பக்கத்துக்குப் பக்கம் "உங்கள் டீலரை அணுகவும்". இந்த வித்தியாசத்தை மனசுல வெச்சுக்குங்க, பின்னால தேவைப்படும்.

சரி, பிக்கப்புக்கு வருவோம்.

பின்சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கினாங்கன்னு சொன்னேனில்லையா? அப்படித் தூக்கின சக்கரத்துல ஒரு பெல்ட்டை மாட்டினா என்ன ஆகும்? விவசாயிகள் அதை வைத்து மரம் அறுத்தார்கள், மக்காச்சோளம் உதிர்த்தார்கள், தண்ணீர் இறைத்தார்கள், துணி துவைக்கிற மெஷினைக்கூட ஓட்டினார்கள். இந்தக் காரை டிராக்டராக மாற்றுகிற கிட்கள் விற்பனைக்கு வந்தன. பின் பாகத்தைக் கழற்றிவிட்டு நீளமான சட்டமும் வலுவான அச்சும் பூட்டி ஒரு டன் லாரியாக மாற்றும் கிட்டும் வந்தது. சிகாகோவின் 'ஸ்மித் ஃபார்ம்-எ-டிரக்' அதில் பேர் போனது. அதுக்கும் வசதியில்லாதவர் என்ன செய்தார்? பின்சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, தச்சு வேலை தெரிந்த கையால் ஒரு மரப்பெட்டி அடித்துப் பூட்டினார். முட்டைக் கூடை, பால் கேன், கன்னுக்குட்டி எல்லாம் அதில் ஏறியது.

கம்பெனிகள் இதைப் பார்த்துக்கிட்டுதான் இருந்தன. 1917-ல் ஃபோர்டு 'மாடல் டிடி' என்று ஒரு டன் லாரிச் சேஸியை 600 டாலருக்கு விட்டார். 1918-ல் ஷெவர்லேயும் சின்ன லாரிக்கான சேஸியை விற்றது. ரெண்டுமே கிட்டத்தட்ட எலும்புக்கூடுதான், மேல பெட்டியெல்லாம் வாங்கினவர் பாடு. கடைசியில் 1925 ஏப்ரலில்தான் ஃபோர்டு தொழிற்சாலையே பெட்டியோடு முழு வண்டியாகக் கொடுத்தது. பெயர் 'பிக்கப் பாடியுடன் மாடல் டி ரனபவுட்'. விலை 281 டாலர். பின்பெட்டி 56 அங்குல நீளம், 13 அங்குல ஆழம். திறந்து மூடும் பின்கதவு, கம்பு நட நாலு மூலையில் பொந்து, பின்பக்கம் கனமான பட்டை ஸ்பிரிங். முதல் வருஷமே 33,000-த்துக்கு மேல் போச்சு.

அதாவது, பேர் தெரியாத ஆயிரக்கணக்கான விவசாயிகள் பத்துப் பதினைந்து வருஷம் கொட்டகையில் வைத்து அடித்த மரப்பெட்டியைத்தான் ஃபோர்டு இரும்பில் செய்து விற்றார். வேணும்னா எழுதி வெச்சுக்குங்க, பிக்கப்போட முதல் டிசைனர் கம்பெனிக்காரன் இல்லை, வண்டிக்காரன்.

சின்னச் சின்ன அப்கிரேடு கதையும் அப்படித்தான். மாடல் டி-யில் கம்பெனி கொடுத்தது ரொம்பக் குறைச்சல். கண்ணாடி, பெட்ரோல் அளவு பார்க்கும் கருவி, முன்னால் இடி தாங்கும் பம்பர், எதுவும் கிடையாது. அந்த ஓட்டையில் ஒரு தொழிலே முளைத்தது. 1909-ல் கான்சாஸ் நகரத்தில் ஜார்ஜ் பெப்பர்டைன் என்ற இளைஞர் 5 டாலருக்குத் தபால் தலை வாங்கி, கார் வைத்திருப்பவர்களுக்குக் கடிதம் போட்டு உதிரி பாகம் விற்க ஆரம்பித்தார். அதுதான் 'வெஸ்டர்ன் ஆட்டோ'. அந்தப் பணத்தில்தான் 1937-ல் பெப்பர்டைன் கல்லூரி வந்தது, இன்றைக்கு அது கலிஃபோர்னியாவில் பல்கலைக்கழகம். 1915-ல் சிகாகோவில் இஸ்ரேல் வார்ஷாவ்ஸ்கி என்பவர் ஆரம்பித்த காயலான் கடை பிற்பாடு 'ஜே.சி. விட்னி' என்ற தபால் கடையாகி, தலைமுறை தலைமுறையாக அமெரிக்க வீடுகளுக்கு தடித்தடியான கேட்லாக் அனுப்பியது.

இன்னொரு வேடிக்கை. மாடல் டி-யை வேகமாக ஓட்ட ஆசைப்பட்டவர்கள் 'ஃப்ரான்டினாக்' சிலிண்டர் ஹெட் வாங்கி மாட்டினார்கள். அதைச் செய்து விற்றது யார் தெரியுமா? லூயி ஷெவர்லேயும் அவர் தம்பியும்! தன் பேரை வெச்ச கம்பெனியை விட்டு வெளியே வந்துட்டு, போட்டிக் கம்பெனி வண்டிக்கு அப்கிரேடு விற்றார் மனுஷன்.

அப்புறம் சண்டை வந்தது. 1942 பிப்ரவரியோடு அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நின்னு போச்சு. டயருக்கு ஜனவரியிலேயே ரேஷன். பெட்ரோலுக்கும் ரேஷன். டயர் தேயக்கூடாதுன்னு மணிக்கு 35 மைலுக்கு மேல் ஓட்டாதே என்று அரசு உத்தரவு. இருக்கிற வண்டியைச் செத்துப்போகாமல் பார்த்துக்கொள்வதே தேசக் கடமையாச்சு. சும்மா சிக்கனத்துக்குச் செய்த வேலை, அந்த மூணரை வருஷத்தில் வேறு வழியில்லாத வேலையானது. இந்த ஊர் ஆட்களுக்கு வண்டி வேலையில் இன்னிக்கும் ஒரு பிடிப்பு இருக்கிறதென்றால் அதில் அந்த வருஷங்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

என் பக்கத்து வீட்டுப் பெரியவர் அப்படி ஒரு அப்பாவுக்குப் பிள்ளை. கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். நான் இந்த ஊருக்கு வந்த புதுசில் ஆயில் மாத்தறேன் பேர்வழின்னு பழைய ஃபில்டரைக் கழட்டிட்டு புதுசை மாட்டி ஸ்டார்ட் பண்ணேன். அரை நிமிஷத்துல வாசல் பூரா கருப்புக் குளம். ஓடி வந்தவர் முதலில் சாவியைத் திருப்பி இஞ்சினை அணைச்சார். அப்புறம் ஃபில்டரைக் கழட்டிக் காட்டினார். பழைய ஃபில்டரோட ரப்பர் வளையம் இஞ்சின்லயே ஒட்டிக்கிட்டிருந்திருக்கு. அது மேலேயே புது வளையத்தை இறுக்கியிருக்கேன். ரெண்டு ரப்பர் சேர்ந்தா பிடிக்காது, பிரஷர் வந்ததும் பிதுக்கிக்கிட்டு ஆயில் வெளிய வந்துடும். "கழட்டின ஃபில்டர்ல வளையம் இருக்கான்னு முதல்ல பாருப்பா"ன்னார். புது வளையத்துல விரலால கொஞ்சம் புது ஆயிலைத் தடவணும், கையாலயே திருகணும், ரப்பர் தொட்டதுக்கப்புறம் முக்கால் சுத்து, அவ்வளவுதான். இன்னிவரைக்கும் அதே முறைதான். வெட்கப்பட்டுக்கிட்டே அவரோட சேர்ந்து மண்ணைப் போட்டு ஆயிலை அள்ளினேன்.

அவர் வாலிபத்தில் ஓட்டின வண்டிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். 1948-ல் ஃபோர்டின் எஃப் வரிசை வந்தது. 1965-ல் வந்த 300 கன அங்குல ஆறு சிலிண்டர் இஞ்சின் 1996 வரை அந்த வண்டிகளில் ஓடியது. டைமிங் செயின் கிடையாது, பெல்ட் கிடையாது, நேரடியாகப் பல்சக்கரம். ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர் என்பதால் ரெண்டு பக்கமும் ஏகப்பட்ட இடம், பானெட்டுக்குள்ள ஆளே இறங்கி நின்னு வேலை பார்க்கலாம். சி.பி. பாயிண்ட் இடைவெளியை கேஜ் தகடு வைத்துப் பார்ப்பார்கள். நடுரோட்டில் நின்றுபோனால் தீப்பெட்டி அட்டையை மடித்து இடைவெளி வைத்து வீடு வந்து சேர்ந்த கதை அந்தத் தலைமுறையில் எல்லாரிடமும் ஒண்ணு இருக்கும். ஹெட்லைட் 1940-லிருந்து ஒரே மாதிரி சீல் வைத்த வட்ட விளக்கு. எந்தக் கம்பெனி வண்டியானாலும் எந்தக் கடையிலும் கிடைக்கும். வெளிச்சம் பத்தலைன்னா அவர்கள் செய்த அப்கிரேடு ரொம்ப எளிசு. மொத்தக் கரண்டும் டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியா மெல்லிசு ஒயர்ல சுத்திக்கிட்டு வரும். நடுவுல ஒரு ரிலே போட்டு பேட்டரியிலிருந்து நேரா தடி ஒயர் இழுத்தா அதே பல்பு பளிச்சுன்னு எரியும்.

இங்க நம்ம பக்கத்துத் தொடர்பு ஒண்ணு சொல்லணும். இந்த மாதிரி வேலை பார்க்கிறவர்கள் கையில் அழுக்குப் படிந்த ஒரு புத்தகம் இருக்கும், 'ஹேன்ஸ்' கையேடு. அதை ஆரம்பித்த ஜான் ஹேன்ஸ் பிறந்தது இலங்கையில், 1938-ல். அப்பா அங்கே தேயிலைத் தோட்ட மேனேஜர். பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்து ஏடனில் இருந்தபோது நண்பர் ஒருவரின் காரைப் பிரித்து மேய்ந்தார். கம்பெனிக் கையேடு உதவவில்லை. ஒரு கேமரா வாங்கி, கழற்றக் கழற்றப் படி படியாகப் படம் எடுத்தார். 1966-ல் முதல் கையேடு வந்தது. ஒவ்வொரு வண்டியையும் முழுசாகப் பிரித்துத் திரும்பப் பூட்டி எழுதுவது என்பதுதான் அதன் விசேஷம். 2019-ல் காலமானார். என் வண்டிக்கான அவர்கள் கையேட்டை ஒரு பழைய புத்தகக் கடையில் நாலு டாலருக்கு வாங்கினேன். முந்தைய சொந்தக்காரர் யாரோ ஓரத்தில் பென்சிலால் குறிப்பு எழுதியிருந்தார், "இந்த போல்ட் உடையும், ஜாக்கிரதை". உடைந்தது :-(

1970-களில் காற்று மாறியது. நிஜமாகவே காற்றுதான். லாஸ் ஏஞ்சலஸ் மாதிரி நகரங்களில் புகை மூட்டம் தாங்கவில்லை. 1975 மாடல்களில் கேடலிடிக் கன்வெர்டரும் ஈயம் இல்லாத பெட்ரோலும் வந்தன. 6,000 பவுண்டு மொத்த எடைக்கு மேற்பட்ட வண்டிக்கு அந்த விதி இல்லை என்பதால், அதே வருஷம் அந்த எடையைக் கொஞ்சம் தாண்டி நிற்கிற மாதிரி ஃபோர்டு விட்டதுதான் புகழ்பெற்ற எஃப்-150. சி.பி. பாயிண்ட் போய் எலெக்ட்ரானிக் இக்னிஷன் வந்தது. அதே 1975-ல் இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. மேக்னுசன்-மாஸ் வாரண்டிச் சட்டம். வேறு கடையில் வேலை பார்த்தாய், வேறு கம்பெனி ஃபில்டர் போட்டாய் என்ற காரணத்துக்காக மட்டும் வாரண்டியை மறுக்க முடியாது என்று ஆனது. வீட்டில் ஆயில் மாற்றுகிற என்னைப் போன்றவர்களுக்கும் பாதுகாப்பு அதுதான். ரசீதை மட்டும் பத்திரமா வெச்சுக்கணும்.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. வீட்டு மெக்கானிக் காலம் முடிஞ்சுதுன்னு அப்போ பலரும் சொன்னாங்களாம். நடந்தது கொஞ்சம் வேற. கலிஃபோர்னியா காற்று வாரியம் 1988 மாடலிலிருந்து வண்டி தன் கோளாறைத் தானே சொல்லணும் என்றது. 1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கும் கார், சின்ன லாரி எல்லாவற்றிலும் ஒரே மாதிரி 16 முள் சாக்கெட், புகை சம்பந்தமான கோளாறுகளுக்கு ஒரே மாதிரி எண் கட்டாயமாச்சு. அதுதான் ஓ.பி.டி-2. புகையைக் கட்டுப்படுத்தப் போட்ட சட்டம் சொந்தக்காரன் கையில் ஒரு டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கொடுத்துவிட்டது. யாரும் திட்டம் போட்டுச் செய்யலை.

என் வண்டி 1997 மாடல். ரெண்டு வருஷம் முன்னால இஞ்சின் விளக்கு எரிஞ்சது. ஒரு கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். சென்சார், அது இதுன்னு எழுநூறு டாலருக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுத்தாங்க. தங்கமணி, "வித்துடுங்க, போதும்"னுட்டாங்க. எனக்கு மனசு வரலை. இருபது டாலர் ரீடரை சாக்கெட்ல சொருகினேன். பி0171. பெட்ரோலைவிடக் காத்து அதிகமாப் போகுதுன்னு அர்த்தம். சென்சார் செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்லை! பெரியவரைக் கூப்பிட்டேன். இஞ்சினை ஓடவிட்டு, காதை வெச்சுக் கேட்டார். உஸ்ஸுன்னு ஒரு சத்தம். பின்பக்கம் ஒரு வேக்குவம் ஹோஸ் வெடிச்சு வாயைப் பொளந்துக்கிட்டு நின்னது. ரெண்டடி ரப்பர் குழாய், மூணு டாலர். விளக்கு அணைஞ்சது.

"வண்டி உன்கிட்ட பேசுது, நீ கேக்கணும். அதைப் பேசவிடாமப் பண்ணிட்டா அது உன் வண்டி இல்லை"ன்னார். அப்போ புரியலை.

இப்போ புரியுது. ஏன்னா அந்த 16 முள் சாக்கெட் சொல்வது புகை சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும்தான். மத்ததெல்லாம் கம்பெனி மென்பொருளுக்குள்ள பூட்டி இருக்கு. அதுக்கான சண்டை இந்த நூற்றாண்டில் நடந்தது. 2012-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மக்களிடமே வாக்கெடுப்பு. டீலருக்குக் கொடுக்கிற ரிப்பேர் தகவலைச் சொந்தக்காரருக்கும் தனிக் கடைக்கும் கொடுக்கணுமா? நூற்றுக்கு 86 பேர் 'ஆம்' என்றார்கள். 2014 ஜனவரியில் கார் கம்பெனிகள் நாடு முழுக்க அதையே செய்வதாக ஒப்பந்தம் போட்டன. ஆனா அதுக்குள்ள வண்டிகள் கம்பியில்லாமல் நேரா கம்பெனிக்கே தகவல் அனுப்ப ஆரம்பிச்சுட்டுது. சாக்கெட் திறந்திருக்கு, தகவல் வேற வழியாப் போகுது. 2020-ல் அதே மாநிலத்தில் மறுபடி வாக்கெடுப்பு, நாலில் மூணு பங்கு 'ஆம்'. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின, வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது.

இதில் ரொம்பப் பாதிக்கப்பட்டது யாரு? மறுபடியும் அதே விவசாயிகள். டிராக்டர் மென்பொருள் பூட்டை ரிப்பேருக்காகத் திறப்பது காப்புரிமைக் குற்றம் ஆகாது என்று விதிவிலக்கு வாங்கவே 2015 வரை ஆச்சு. 2023-ல் கொலராடோ மாநிலம் விவசாய இயந்திரங்களுக்கு முதல் ரிப்பேர் உரிமைச் சட்டம் போட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் இதே பிரச்சனைக்காக ஜான் டியர் கம்பெனி மேல் வழக்குத் தொடுத்தது. பின்சக்கரத்தில் பெல்ட் மாட்டி மரம் அறுத்தவரின் பேரனுக்கு, தன் சொந்த டிராக்டரின் கோளாறை அழிக்க அனுமதி வேண்டியிருக்கு. நூறு வருஷத்தில் கையேடு "இப்படிச் செய்" என்பதிலிருந்து "டீலரை அணுகவும்" என்று ஆன கதை இதுதான்.

கம்பெனி பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் மென்பொருள் பார்த்துக்கிற வண்டியில் யார் வேணா கை வைக்கலாம்னா பயம்தான். புகைக் கட்டுப்பாட்டைக் கழட்டிப் போட்டுட்டுக் கருப்புப் புகை விட்டுக்கிட்டுப் போற சில பிக்கப்காரர்களை நானே பார்த்துத் திட்டியிருக்கேன். ஆனா அதுக்குத் தண்டனை தனியா இருக்கு. அதைக் காரணம் காட்டி, ஹோஸ் மாத்தறவன் கதவையும் பூட்டினா எப்படி?

அன்னிக்குச் சனிக்கிழமை ஆயில் வடிஞ்சு முடியறதுக்குள்ள என் பொண்ணு வந்து பக்கத்துல அட்டையில படுத்துக்கிட்டா. ஒன்பது வயசு. "அப்பா, எது எங்க இருக்கு?"ன்னு கேட்டா. டார்ச்சை அவ கையில குடுத்து, பழைய ஃபில்டரைக் காட்டி, "இதுல ரப்பர் வளையம் இருக்கா பாரு"ன்னேன். "இருக்கு"ன்னா. சந்தோஷமா இருந்தது. வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, முதலில் விரலாலேயே திருகச் சொன்னேன். மரை தப்பாம ஏறுதான்னு கைக்குத்தான் தெரியும், ஸ்பானருக்குத் தெரியாது. மெல்லத் திருகினா. ஏறிச்சு.

தங்கமணி கேட்டதுக்கு அன்னிக்குப் பதில் சொல்லலை. ராத்திரி சாப்பிடும்போது இந்தக் கதையெல்லாம் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, "அதெல்லாம் சரிங்க, அந்தக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்து தோசையைத் தொடுங்க"ன்னாங்க. கழுவிட்டுத்தான் வந்திருந்தேன், நகக்கண்ணுல இருந்தது போகலை.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு வண்டிக்கு அடியில புகுறவங்க ரெண்டு விஷயம் மறக்காதீங்க. ஒண்ணு, ஜாக்கியை மட்டும் நம்பி அடியில போகவே போகாதீங்க. சமதரையில நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ரெண்டு பக்கமும் ஸ்டாண்டு போட்டு, வண்டியை ஆட்டிப் பார்த்துட்டு அப்புறம் போங்க. ரெண்டாவது, பழைய ஆயிலை அந்தக் காலத்துல மண்ணுல குழி தோண்டி ஊத்தினாங்க. நீங்க அதைப் பண்ணாதீங்க. ஒரு தடவை மாத்தற ஆயில் பத்து லட்சம் கேலன் நல்ல தண்ணியைக் கெடுக்கும்னு அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையே சொல்லுது. கேன்ல பிடிச்சு உதிரி பாகக் கடையில குடுத்தா பல இடத்துல சும்மாவே வாங்கிக்கறாங்க.